ஏழாம் அத்தியாயம்: அழகுக்கு ஏற்ற விசேஷணம்

ஸ்பானிய மொழியின் பெயர்ச்சொற்களுக்குரிய ஆண்பால் பெண்பால் பாகுபாட்டையும், செர், எஸ்தார் என்னும் இரண்டு 'இரு' வினைகளின் போக்கையும் முந்திய அத்தியாயங்களில் ஒருவாறு பயின்றுகொண்ட வாசகர், இப்போது மனமுவந்து யாரையேனும் எதையேனும் பாராட்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அழகு என்ற ஒரே சொல்லை மனத்தில் ஏந்தியவாறு அகராதியைப் புரட்டும் அவர் கண்ணெதிரே பேயோ, எர்மோசோ, பொனீத்தோ, லிந்தோ, குவாப்போ, பிரெசியோசோ என்று ஆறு சொற்கள், ஆறும் ஒரே பொருளைத் தாங்கியவைபோல, வரிசையாக வந்து நிற்கும். எதை எடுத்தால் என்ன என்றெண்ணிக் கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்து வழங்கினாரானால், ஓர் ஊரில் புன்னகையும், மற்றோர் ஊரில் அடக்கிய சிரிப்பும், மூன்றாவது ஊரில் முகச்சுளிப்பும் அவருக்குப் பரிசாகக் கிடைக்கும்.

இவற்றுள் எது அதிக அழகைக் குறிக்கிறது, எது குறைந்த அழகைக் குறிக்கிறது என்று தராசில் நிறுத்துப் பார்க்க முயல்வதே பெரும்பாலோர் செய்யும் முதல் பிழையாகும். அளவில் இச்சொற்களிடையே வேற்றுமை சிறிதே. ஆனால், சொல்பவருக்கும் சொல்லப்படுவதற்கும் இடையே உள்ள தூரத்தில் வேற்றுமை மிகப் பெரிது. கைகூப்பித் தள்ளி நின்று வியக்க ஒரு சொல், தோளில் கைபோட்டுச் சொல்ல ஒரு சொல், கன்னத்தைக் கிள்ளிச் சொல்ல ஒரு சொல் என்று அம்மொழி பங்கிட்டு வைத்திருக்கிறது. ஆகையால், 'எவ்வளவு அழகு?' என்று கேட்பதை விடுத்து, 'யாருடைய அழகு, எந்த ஊரில், எவ்வளவு நெருக்கத்தில்?' என்று கேட்டுக்கொண்டே இந்த அத்தியாயத்தைப் படித்துச் செல்வது நன்மை தரும்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை

அழகைக் குறிக்கும் சொல் தமிழ்க் காதில் 'பேயோ?' என்ற ஐயவினாவாக வந்து விழுவது மொழிகள் தமக்குள் ஆடும் விளையாட்டு. அதன் பகரத்தை 'பஸ்' என்பதில் ஒலிக்கிறோமே, அவ்வாறு கனமாக ஒலித்துவிட்டால் பேய் ஓடிவிடும். புவெனஸ் அயர்ஸ் நகரத்தார் அதையே பேஷோ என்பர். பொனீத்தோவின் பகரமும் அப்படியே. குவாப்போவின் முதலெழுத்தைக் 'குண்டு' என்பதில் வரும் குகரம்போலவும், லிந்தோவை 'நந்தி' என்பதன் மெல்லிய தகரத்தோடும் ஒலிக்க வேண்டும். எர்மோசோவின் முன்னால் எழுத்தில் மட்டும் நிற்கும் 'ஆச்சே' என்னும் எழுத்து ஊமையெழுத்து. அதற்கு மூச்சுக் கொடுக்கவே கூடாது.

சொற்களின் பூர்வ சரித்திரம்

ஒரு சொல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அது எந்த வீட்டுக்குள் கூசாமல் நுழையும் என்பதும் ஒருவாறு விளங்கிவிடும். இந்த ஆறு சொற்களும் வேறு பொருளுடைய சொல்லடிகளிலிருந்து பிறந்து அழகுக்கு வந்து சேர்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது.

பொனீத்தோ என்பது 'நல்ல' என்னும் பொருளுடைய சொல்லோடு சிறுமை காட்டும் விகுதி சேர்ந்து உண்டானது. 'சின்ன நல்லது' என்பதே அதன் மூலப்பொருள். மிகக் கம்பீரமாகத் தோன்றும் பேயோவும், லத்தீனில் அதே 'நல்ல' என்னும் சொல்லின் சிறுமை வடிவமாகப் பிறந்ததே. எனவே, அரண்மனையில் வளர்ந்த அண்ணனும் அடுக்களையில் வளர்ந்த தம்பியும் போன்றவை இவ்விரண்டும். கடையில் விரித்துக் காட்டிய புடவையைப் பார்த்து, 'நல்லாயிருக்கு' என்று நாம் சொல்லும்போது அதன் குணத்தையா சொல்கிறோம், அழகையா சொல்கிறோம் என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. ஸ்பானியரும் அவ்வாறே நன்மையிலிருந்து அழகுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

எர்மோசோவின் வரலாறு தமிழருக்கு, அதிலும் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு, விசேஷமான மகிழ்ச்சியைத் தரக்கூடியது. லத்தீனில் ஃபோர்மா என்றால் வடிவம். நல்ல வடிவம் வாய்த்தது ஃபோர்மோசுஸ். சொல்லின் முதலில் நின்ற ஃபகரம் காஸ்தீலிய நாட்டார் வாயில் காலப்போக்கில் தேய்ந்து ஊமையாகிவிடவே, அச்சொல் எர்மோசோ ஆயிற்று. பக்கத்து வீட்டுப் போர்த்துகீசியர் அந்த ஃபகரத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கீழ்க்கடலில் அவர்கள் கண்டு வியந்த தீவுக்கு ஃபார்மோசா என்று அவர்கள் இட்ட பெயர், தைவானைக் குறித்துப் பன்னெடுங்காலம் வழங்கியது. வடிவம் என்ற சொல்லே அழகைக் குறிப்பதாக வளர்ந்த இந்த வழியில் ஈழத்தமிழும் தானாகவே நடந்து, 'வடிவான பிள்ளை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே, எர்மோசோவுக்குத் தமிழில் இணை தேடும் வாசகர் வடிவு என்று குறித்துக்கொள்ளலாம்.

லிந்தோவின் மூதாதை, சட்டப்படி உரிமையுடையது என்று பொருள்படும் லெகிதிமுஸ். கலப்பில்லாதது, அசலானது என்னும் பொருளில் அது பழைய ஸ்பெயினில் வழங்கி, பரம்பரைக் கிறிஸ்தவர்களைக் குறிப்பதற்குக்கூட ஒரு காலத்தில் பயன்பட்டுப் பின்னர் அழகுக்கு வந்து சேர்ந்தது. பிரெசியோசோ விலை என்னும் சொல்லடியாகப் பிறந்தது. அருமையும் பெருமதிப்பும் அதில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். குவாப்போவின் பிறப்புத்தான் சிறிது மானக்கேடானது. சுவை கெட்ட திராட்சை மதுவையும், அதுபோலக் கெட்டுப்போன மனிதனையும் குறித்த லத்தீன் சொல் ஒன்று, பிரெஞ்சு நாட்டு வட்டார வழக்கின் வழியே ஸ்பெயினுக்கு வந்து, போக்கிரியைக் குறித்து, பிறகு மிடுக்காக உடுத்தித் திரியும் போக்கிரியைக் குறித்து, கடைசியில் போக்கிரித்தனத்தை உதறிவிட்டு மிடுக்கை மட்டும் வைத்துக்கொண்டது என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். இந்தப் பழங்கதை வீண் பாண்டித்தியம் என்று வாசகர் நினைக்க வேண்டாம். கரீபியக் கடற்கரையில் இறங்கும்போது இது அவரைக் காப்பாற்றும்.

உயர்திணைக்கும் அஃறிணைக்கும்

ஸ்பானிய இலக்கணத்தில் திணை என்ற பெயர் இல்லாவிட்டாலும் திணையுணர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. 'வீடு பார்த்தேன்' என்று உருபில்லாமல் சொல்லும் நாம் 'மரியா பார்த்தேன்' என்று சொல்லாமல் 'மரியாவைப் பார்த்தேன்' என்கிறோம். அவர்களும் 'வேயோ லா காசா' என்று வீட்டைச் சொல்லிவிட்டு, மரியாவைச் சொல்லும்போது 'வேயோ ஆ மரியா' என்று ஓர் 'ஆ'வை மரியாதையாக இடையில் வைக்கிறார்கள். அழகைச் சொல்வதிலும் இவ்வுணர்ச்சி செயல்படுகிறது.

ஸ்பெயின் தேசத்தில் குவாப்போ பெரும்பாலும் மனிதருக்கே உரியது. ஆண், பெண், குழந்தை, கிழவி என்ற வேற்றுமை அதற்கில்லை. வீடு, பாட்டு, தெரு, சட்டை, பயணம் ஆகிய அனைத்துக்கும் பொனீத்தோ பொருந்தும். பெண்களுக்கும் பொனீத்தா என்று சொல்வதுண்டு. அமெரிக்கக் கண்டத்தில் அது மிகுதி. வளர்ந்த ஆடவனைப் பொனீத்தோ என்பது மட்டும் அவனைப் பொம்மையாக்கிவிடும். பிரெசியோசோ இரு திணைக்கும் பொதுவாயினும், குழந்தைக்கும் பெண்ணுக்கும் இயற்கைக் காட்சிக்கும் நகைக்கும் இசைவதுபோல ஆடவருக்கு எளிதில் இசைவதில்லை. பேயோவும் எர்மோசோவும் எல்லாவற்றுக்கும் பொருந்துமாயினும், ஸ்பெயினில் அவை சற்று உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருப்பவை. கடிதத்திலும் சொற்பொழிவிலும் கவிதையிலும் அவை ஒளிரும். காப்பிக்கடையில் எடுத்துச் சொன்னால், சொன்னவர் ஏதோ மேடையில் நிற்பதுபோல் தோன்றும்.

குவாப்போவைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. ஸ்பெயினின் காய்கறிச் சந்தையில் கடைக்காரம்மாள், 'கே தே போங்கோ, குவாப்பா?' என்று, அதாவது 'என்ன போடட்டும், அழகி?' என்று கேட்டால், கேட்கப்பட்ட பெண்மணி நாணமடைய வேண்டிய காரணம் எதுவுமில்லை. நம் ஊர்ச் சந்தையில் 'என்ன கண்ணு வேணும்?', 'வா ராசா' என்பவை எவ்வளவு பாராட்டோ, அதுவும் அவ்வளவே பாராட்டு.

ஆனால், சந்தையில் இப்படிச் சில்லறையாகச் செலவாகும் இதே சொல், செவியா நகரத்தில் புனித வாரத்தின்போது வேறொரு கோலம் கொள்கிறது. பெரிய வெள்ளியன்று விடிவதற்கு முந்திய இருளில், மெழுகுவர்த்திகளின் வரிசைக்குப் பின்னே, கன்னத்தில் பளிங்குக் கண்ணீர்த் துளிகளோடு, பதினேழாம் நூற்றாண்டு மரச்சிற்பமான மக்கரேனாக் கன்னிமரி ஆட்கள் சுமக்க அசைந்து அசைந்து வருகையில், தெருவோரக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் 'குவாப்பா!' என்று எழும். கூட்டம் முழுவதும் அதையே திரும்பச் சொல்லும். தேவனின் தாய்க்குப் பேயா என்னும் பெருஞ்சொல் இருக்க, அவ்வூரார் காய்கறிக்காரியின் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அவளைத் தங்கள் தெருப் பெண்ணாகவே அவர்கள் பாவிப்பதுதான் இதற்குக் காரணம். சொல்லின் தேர்வை அழகின் அளவு தீர்மானிப்பதில்லை, உறவின் நெருக்கமே தீர்மானிக்கிறது என்று தொடக்கத்தில் கூறியதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

ஊருக்கு ஊர் மாறும் சொற்கள்

20 நாடுகளில் அரசாங்க மொழியாக விளங்கும் ஒரு பாஷையில், ஒரு சொல் எங்கும் ஒரே குணத்தோடு இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

லிந்தோ அமெரிக்கக் கண்டத்தின் செல்லப்பிள்ளை. அர்ஜென்டினாவில் வெயில் தெளிந்த நாளும் லிந்தோ, சட்டையும் லிந்தோ, குழந்தையும் லிந்தோ, மாப்பிள்ளையும் லிந்தோ. ஸ்பெயினிலோ அது அருகிய வழக்கு. கொஞ்சம் பழமை மணமும் கொஞ்சம் கடல்கடந்த மணமும் வீசும். பதினேழாம் நூற்றாண்டு மாத்ரிதில் ஓர் ஆடவனை லிந்தோ என்றால், கண்ணாடியை விட்டு நகராத பகட்டன் என்று பொருள். 1662இல் அகுஸ்தீன் மொரேத்தோ எழுதி வெளிவந்த 'எல் லிந்தோ தொன் தியேகோ' என்னும் நகைச்சுவை நாடகம் முழுவதும் அத்தகைய ஒருவனைப் பரிகசிப்பதே.

குவாப்போ இதற்கு நேர்மாறான திசையில் பயணம் செய்தது. ஸ்பெயினில் போக்கிரித்தனத்தை உதறிய அச்சொல், கடல் கடந்த இடங்களில் அதை உதறாமல் வைத்துக்கொண்டது. கியூபாவிலும் போர்த்தோ ரீக்கோவிலும் தொமினிக்கக் குடியரசிலும் அது துணிச்சல்காரனையும் சண்டைக்கு நிற்பவனையும் கோபங்கொண்டவனையும் குறிக்கக்கூடும். அங்கே ஒருவர் 'குவாப்போ'வாக இருக்கிறார் என்றால், அவர் சினந்திருக்கிறார், சற்றுத் தள்ளி நில்லுங்கள் என்று அறிவது உத்தமம். புவெனஸ் அயர்சின் பழைய புறநகர்களில் கத்தியும் கௌரவமுமாகத் திரிந்த முரடர்களுக்கும் இதுவே பெயர். சாமுவேல் ஐசல்பாம் 1940இல் எழுதிய 'ஊன் குவாப்போ தெல் நோவெசியெந்தோஸ்' என்னும் நாடகத்தின் தலைவன் அழகன் அல்லன், அரசியல் புள்ளி ஒருவனுக்கு விசுவாசமான அடியாள். பராகுவேயிலோ குவாப்போ என்றால் கடும் உழைப்பாளி. ஒரே சொல்லால் ஓரிடத்தில் அழகனையும், ஓரிடத்தில் அடியாளையும், ஓரிடத்தில் பாட்டாளியையும் சுட்ட முடியுமானால், பாராட்ட வாய்திறக்குமுன் தேசப்படத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வது வீண்போகாது.

இந்த ஆறுக்கு வெளியே நிற்கும் சில சொற்களின் கதையும் இப்படியே. சூலோ மெக்சிகோவில் பெண்ணையும் குழந்தையையும் கொஞ்சும் சொல். ஸ்பெயினில் அதைப் பொருளுக்குச் சொன்னால் 'பிரமாதம்' என்றாகும். மனிதனுக்குச் சொன்னால் திமிர் பிடித்தவன் என்றாகும். பெயர்ச்சொல்லாக வழங்கினால் விலைமகளிரை வைத்துப் பிழைப்பவன் என்ற இழிபொருளும் அதற்குண்டு. மோனோ என்றால் குரங்கு. ஆயினும் ஸ்பெயினில் சிறு குழந்தையையும் சிறு சட்டையையும் 'என்ன மோனோ!' என்று கொஞ்சுவர். கொலம்பியாவிலோ அச்சொல் பொன்னிறத் தலைமயிர் உடையவரைக் குறிக்கும். மாஹோ என்பது, கோயா தீட்டி இன்று பிராதோ அருங்காட்சியகத்தில் தொங்கும் இரண்டு 'மாஹா' ஓவியங்களால் உலகறிந்த சொல். இன்றைய ஸ்பெயினில் அது முகத்தை விட்டு மனத்துக்குச் சென்று, 'பழக இனியவர்' என்ற பொருளில் நிலைத்துவிட்டது. பெண் பார்க்கப் போய்வந்தவரிடம் 'எப்படி?' என்று கேட்டால் 'நல்ல குணம்' என்று நம்மவர் விடை சொல்வதுண்டே, 'எஸ் முய் மாஹா', அதாவது 'மிகவும் இனியவள்', என்பதும் சில வேளைகளில் அத்தகைய விடையே.

எர்மோசோவையும் ஸ்பெயினில் குழந்தைக்குச் சொல்லும்போது கவனம் வேண்டும். கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருக்கிறான் என்ற கருத்து அதில் சேர்ந்திருப்பதால் தாய் மகிழ்வாள். அதே தொனியில் தாயைப் பார்த்துச் சொன்னால் மகிழமாட்டாள்.

இயல்பான அழகும் இன்றைய அழகும்

'அவள் அழகி' என்பதற்கும் 'அவள் அழகாக இருக்கிறாள்' என்பதற்கும் உள்ள நுட்பமான பேதத்தைத் தமிழர் தாய்ப்பாலோடு அறிந்தவர்கள். செர், எஸ்தார் இரண்டையும் பிரித்தாள அந்த அறிவே போதுமானது. 'எஸ் குவாப்பா' என்றால் அழகி. அது அவளுடைய இயல்பு. 'எஸ்தா குவாப்பா' என்றால் அழகாக இருக்கிறாள். இந்தச் சேலையில், இந்த மாலையில், நம் கண்ணுக்கு. முன்னது விவரணை, பின்னது பாராட்டு. ஆகையால், எதிரில் நிற்பவரை மகிழ்விக்கப் பெரும்பாலும் எஸ்தாரே ஏற்றது: 'கே குவாப்பா எஸ்தாஸ்!', அதாவது 'எவ்வளவு அழகாக இருக்கிறாய்!' இதன் கடைசியில் 'இன்றைக்கு' என்று பொருள்படும் ஓய் என்னும் சொல்லைச் சேர்ப்பவர், 'அப்படியானால் நேற்று?' என்ற கேள்விக்கும் விடையைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 'நல்ல' என்னும் புவேனா, செர் வினையோடு வந்தால் 'நல்லவள்'. உணவைப் பற்றி எஸ்தாரோடு வந்தால் 'ருசியாக இருக்கிறது'. ஒரு பெண்ணைப் பற்றி 'எஸ்தா புவேனா' என்று சொல்லிவிட்டாலோ, அது காமத்தோடு பார்ப்பவன் பேச்சாகிவிடும். நல்லவள் என்று சொல்லப்போய் வாயால் கெட்டவர்கள் வரிசையில் வாசகர் சேராதிருப்பாராக.

விகுதியும் இடமும்

நம் 'அழகான' என்னும் சொல் பையனுக்கும் பெண்ணுக்கும் பூக்களுக்கும் மாறாமல் நிற்பது. ஸ்பானிய விசேஷணமோ தான் தழுவும் பெயரின் பாலையும் எண்ணையும் தானும் பூண்டுகொள்ளும். லிப்ரோ என்றால் புத்தகம், காசா என்றால் வீடு: லிப்ரோ பொனீத்தோ, காசா பொனீத்தா, லிப்ரோஸ் பொனீத்தோஸ், காசாஸ் பொனீத்தாஸ். பத்துப் பெண்களிடையே ஓர் ஆண் இருந்தாலும் இலக்கணம் ஆண்பால் பன்மையையே கேட்கும்.

விசேஷணம் பெயருக்குப் பின்னே வருவது அங்கே இயல்பு. முன்னே வந்தால் அது அலங்காரம். எல்லா அடைமொழியையும் முன்னே வைத்தே பழகிய தமிழர், 'ஊனா எர்மோசா காசா' என்று தொடங்கித் தம்மை அறியாமலே கவிகளாகிவிடுகிறார்கள். பிழையென்று யாரும் சொல்லமாட்டார்கள். வாடகைக்கு வீடு தேடும் இடத்தில் கவிதை எதற்கு என்று மட்டும் கேட்பவர் நினைத்துக்கொள்வார். நிலைபெற்ற சில தொடர்களில் முன்னிடமே உரிய இடம்: நுண்கலைகள் 'பேயாஸ் ஆர்தெஸ்', மெக்சிகோ நகரில் 1934இல் திறக்கப்பட்ட கலைமாளிகையின் பெயரும் அதுவே.

வியப்பைக் கூட்ட முய் என்னும் சொல்லை முன்னே சேர்க்கலாம், அல்லது ஈசிமோ என்னும் விகுதியைப் பின்னே சேர்த்துக் குவாப்பீசிமோ, லிந்தீசிமோ என்று சொல்லலாம். பிரெசியோசோ ஏற்கனவே உச்சியில் நிற்பதால் அதற்கு முய் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கடைசியாக, 'முய் பொனீத்தோ!' என்பதைத் தொனி மாற்றிச் சொன்னால் அது பாராட்டாக இராது. பாலைக் கொட்டிவிட்டு நிற்கும் பையனை நாம் 'ரொம்ப அழகுதான்!' என்போமே, அதே சொல், அதே கோபம்.

பயிற்சி

கீழ்க்கண்ட சந்தர்ப்பங்களில் எதைச் சொல்வீர்கள் என்று முதலில் நீங்களே யோசித்துப் பிறகு விடையைப் பார்க்க வேண்டும்.

1. மெக்சிகோவில் நண்பர் வீட்டுக் கூடத்தில் வரிசையாக வைத்த மண்பானைகளைப் பார்க்கிறீர்கள். விடை: கே பொனீத்தாஸ். பானை அங்கே பெண்பால், பலவாதலால் பன்மை.

2. மாத்ரிதில் உங்கள் தோழி கல்யாணத்துக்கு உடுத்திப் புறப்படுகிறாள். விடை: கே குவாப்பா எஸ்தாஸ். 'ஓய்' வேண்டாம்.

3. புவெனஸ் அயர்சில் மழை விட்டு வெளுத்த காலை. விடை: கே லிந்தோ தீயா. வியப்பிலே முன்னிடம் தகும்.

4. கிரனாதாவின் அலாம்ப்ரா மாளிகையைப் பற்றிக் கடிதம் எழுதுகிறீர்கள். விடை: எழுத்தில் எர்மோசா அல்லது பேயா, பேச்சில் பிரெசியோசா.

5. போர்த்தோ ரீக்கோவில் விருந்தளிப்பவரின் ஐந்து வயது மகன். விடை: லிந்தோ. குவாப்போ என்றால், பிள்ளை ஏன் கோபமாக இருக்கிறான் என்று கேட்டதாகவும் ஆகலாம்.

6. ஸ்பெயினில் ஒருவர் தம் எண்பது வயதுப் பாட்டியின் படத்தைக் காட்டுகிறார். விடை: கே குவாப்பா. வயது இதற்குத் தடையாகாது.

இவ்வளவு விதிகளையும் நினைவில் சுமந்து திரிவது பாரமென்று தோன்றுமானால், ஒரு சுலபமான உபாயம் உண்டு. புதிய ஊருக்குச் சென்ற முதல் நாள் மாலை, தெருவில் யாரேனும் ஒரு தாய் கைக்குழந்தையோடு வருவாள். அக்கம்பக்கத்துக் கிழவிகள் அவளை நிறுத்திக் குழந்தையின் முகத்துக்கு நேரே குனிவார்கள். அப்போது அவர்கள் வாயிலிருந்து முதலில் வரும் சொல் குவாப்போவா, லிந்தோவா, சூலோவா, எர்மோசோவா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வூரில் உங்களுக்கு வேண்டிய சொல் அதுவே. மற்றவை அகராதியிலேயே இருக்கட்டும்.